பாக்கியசீலன் சொன்ன ஆமென்

பாளையங்கோட்டையில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று சொல்கிறவர்கள், அதே ஊரில் ஒரு ரகசியத்தை வேண்டுமென்றே கசியவிட்டுப் பார்த்ததில்லை. ஜெமிமா பார்த்தாள். பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஜெமிமாவுக்கு வயது இருபத்து மூன்று. வரலாற்றில் பி.ஏ. முடித்தவள். டில்லியை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் ‘எம்.ஏ., தேசியப் பாதுகாப்புக் கொள்கை’ என்று ஒரு படிப்பு இருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்து, அப்பாவுக்குத் தெரியாமல் நுழைவுத் தேர்வும் எழுதித் தேறிவிட்டாள். நேர்காணல் ஒன்றுதான் பாக்கி. கணினி வழியாகத்தான் நடக்கும், வீட்டில் இருந்தபடியே பேசலாம்.

இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், வெள்ளத்திலிருந்து வந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, அவர்கள் சபை மண்டபத்தில் நிவாரண முகாம் நடந்தது. பால் பவுடர் ஒரு தெருவுக்கு மூன்று தடவை போயிற்று. அடுத்த தெருவுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. எந்தத் தெருவுக்கு என்ன போயிற்று என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஜெமிமா ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, தெருவாரியாகக் கோடு கிழித்து எழுத ஆரம்பித்தாள். மறுநாள் மாலைக்குள் எல்லாத் தெருவுக்கும் பால் பவுடர் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. ஒரு நாட்டுக்கே ஆபத்து வந்தால் இந்தக் காலண்டர் தாளை யார் எழுதுவார்கள், எப்படி எழுதுவார்கள்? அதைச் சொல்லித்தரும் படிப்பு என்று நம்பித்தான் இதற்கு விண்ணப்பித்தாள்.

தடை என்று இருந்தது ஒரே ஒரு மனிதர். அவளுடைய அப்பா பாக்கியசீலன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், சபைக் கமிட்டிச் செயலாளர். மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். அவர், அவர் மனைவி, இரண்டு தம்பிமார், தம்பிமாரைக் கட்டியவர்கள் என்று அந்தக் குடும்பத்தில் சாக்பீஸ் பிடிக்காத கை கிடையாது. ஜெமிமாவும் பி.எட். படித்து, உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலைக்குப் போவாள் என்பது அவர் கணக்கு. ஜூன் மாதம் ஒருநாள் ஜெமிமா மெல்லப் பேச்செடுத்தாள்.

“அப்பா, டில்லிப் பக்கம் போயி ஒரு எம்.ஏ. படிக்கலாம்னு பாக்கேன்.”

“பாக்கலாம்,” என்றார் பாக்கியசீலன்.

அந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் ‘முடியாது’ என்று பொருள். மிக்ஸி மாற்றுவதைப் பற்றி அவர் எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கும்போது அது அலறுகிற அலறலில் பக்கத்து வீட்டு நாயே எழுந்து உட்காரும்.

அழுது கேட்டால் அப்பாவும் அழுதுவிடுவார். பிறகு யார் யாரைத் தேற்றுவது? சண்டை போட்டால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ஆகவே ஜெமிமா நுழைவுத் தேர்வுக்குப் படித்த புத்தகத்தையே எடுத்துப் புரட்டினாள். அதில் ஒரு வழி இருந்தது. பிடிகொடுக்காத கூட்டாளியைத் தனியாக வைத்துக் கெஞ்சாதே. நாலு பேர் முன்னால் அவனே வாக்குக் கொடுக்கும்படி செய், பிறகு பின்வாங்க மாட்டான். படித்ததும் ஜெமிமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானூறு பேர் முன்னால் வாக்குக் கொடுக்கிறவர்தானே!

சபையில் ஐயர் ஜெபித்து முடித்ததும் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். குருவானவரை அந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வது. முதல் வரிசையிலிருந்து, எல்லோருக்கும் முன்னால், கூரை அதிர வருவது பாக்கியசீலனின் ஆமென். அதோடு அவர் ஆமென் சொன்ன காரியத்தில் பேரம் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் இருந்த ஐயர் ஒரு ஞாயிறு, ஒழுகுகிற மணிக்கூண்டை அருமைச் சகோதரர் பாக்கியசீலன் முன்னின்று சரிசெய்யப் பெலன் தாரும் என்று ஜெபத்தோடு ஜெபமாகச் சேர்த்துவிட்டார். கண்ணை மூடியிருந்த மனிதர் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டார். அந்த மே மாதம் முழுக்க அவர் ஏணியில்தான் இருந்தார். ஏன் இப்படி வெயிலில் காய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, “ஆமென் சொல்லிட்டேன்லா” என்ற ஒரே பதில்தான்.

இனி அவள் படிப்பு விஷயம் ஐயரின் ஜெபத்துக்குள் போய்விட வேண்டும். அதற்குத்தான் ஜெபக் குறிப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஊரில் யாருக்கு என்ன கஷ்டம், யார் வீட்டில் என்ன காரியம் என்று ஐயரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை அவர் அதை வாசித்து ஜெபிப்பார். மற்றவர் வீட்டுச் சங்கதியை வாசலில் நின்று சொன்னால் புறணி. அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபக் குறிப்பு. இந்த ஒரு வசதியால் பாளையங்கோட்டையில் பத்திரிகை வருவதற்குள் செய்தி வந்துவிடும்.

ஜெமிமா நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் மகளே எழுதிக் கொடுத்தாள் என்று தெரிந்தால் அப்பா உஷாராகிவிடுவார். தானாகக் கசிந்தது போல இருக்க வேண்டும். ஆகவே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கும் சாக்கில், மே மாதம் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஹெப்ரான் ஐயரைப் பார்க்கப் போனாள். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “யார்ட்டயும் சொல்லிராதிய ஐயா” என்றாள். இப்படிச் சொன்னால்தான் வேகமாகப் பரவும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கண்ட அனுபவம்.

ஞாயிறு வந்தது. ஐயர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். ஒருவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. ஒருவருக்கு மஸ்கட் விசா. களக்காட்டில் யாரோ ஒருவருடைய வாழைத்தோப்பில் பன்றித் தொல்லை. பன்றிக்கு வந்த யோகம் ஜெமிமாவுக்கு வரவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது ஐயர் குனிந்து மெதுவாகச் சொன்னார். “கவலைப்படாதம்மா. நீ சொன்னது என் மனசுக்குள்ள பத்திரமா இருக்கு.”

அன்று மாலை தோழி ஹம்னாவுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். ஹம்னா மேலப்பாளையத்துக்காரி, கல்லூரியில் கூடப் படித்தவள். இந்தத் திட்டம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள். அவள் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“திருநெல்வேலி ஜில்லாவுலயே ரகசியம் காக்கத் தெரிஞ்சவரு ஒரே ஒருத்தரு. அவரப் போயி நீ தேடிப் பிடிச்சிருக்கே! இனி என்ன செய்யப் போறே?”

“நேர்காணல் வார புதன்கிழமைக்கு அடுத்த புதன். நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. லில்லி அத்தைட்ட சொல்லிர வேண்டியதுதான்.”

“உங்க அத்தையா? அவிய உங்க வாப்பாட்ட நேராப் போயிச் சொல்லிட்டா?”

“சொல்லாது. ரெண்டு பேருக்கும் எட்டு மாசமாப் பேச்சே கிடையாது.”

அது உண்மைதான். லில்லி, பாக்கியசீலனின் தங்கை. அதே தெருவில் ஆறாவது வீடு. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். வருஷா வருஷம் சபையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குச் சமையல் பொறுப்பு அவளுடையது. சென்ற அசனத்தில் சாம்பாரில் உப்புக் குறைந்துவிட்டது. ஆயிரம் பேருக்கு ஆக்கும்போது இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் பாக்கியசீலன் அதைக் கமிட்டிக் கூட்டக் குறிப்பில் எழுதி, வாசித்து, கையெழுத்தும் வாங்கிவிட்டார். “கூடப்பொறந்தவன் எழுதுத எழுத்தா இது?” என்று கேட்டுவிட்டுப் போன லில்லி, அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஆக, அத்தை வாயிலிருந்து ஊர் முழுக்கப் போகும், அப்பா காதுக்கு மட்டும் போகாது. இதைவிடத் தோதான வழி எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்று ஜெமிமா தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சொன்னாள். லில்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏட்டி, ரெண்டு வருஷமா? டில்லியா? அங்கன குளிரு கொன்னுபோடும்லா!”

“யார்ட்டயும் சொல்லிராதிய அத்தை. அப்பாட்ட மட்டும் மூச்சு விட்றாதிய.”

“உங்கப்பன்ட்ட நான் எதுக்குளா பேசுதேன்?” என்றாள் லில்லி.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனபோதே பலன் தெரிந்தது. பால்காரம்மா இசக்கியம்மா, “என்னம்மா, மிலிட்டரியில சேந்துட்டியாமே?” என்று கேட்டாள். எட்டு மணிக்கு எதிர் வீட்டு ஓய்வுபெற்ற ஹவில்தார் மந்திரமூர்த்தி வாசலில் வந்து நின்றார். “தாயி, காலைல அஞ்சு மணிக்கு மைதானத்துக்கு வந்துரு. ஓட்டம் முக்கியம். மூச்ச மூக்கு வழியாத்தான் விடணும்.” பத்து மணிக்கு ஒரு சித்தி வந்து, காஷ்மீருக்கு உதவும் என்று குரங்குக் குல்லாய் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மத்தியானம் ஹம்னா கூப்பிட்டாள். “எங்க தெருவுல நீ உளவாளி. அடுத்த மாசம் பேரை மாத்திக்கிட்டு எங்கயோ போறியாம். எங்க உம்மா உனக்காக அழுதுட்டு இருக்கு.”

ஜெமிமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே மடக்கி அனுப்பினாள். உள்ளே பாக்கியசீலன் நாளிதழை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் நன்றாயிருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள். அவர் காலையிலிருந்து ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஐயர் கையிலிருந்த தாளில் லில்லி அத்தையின் குண்டு குண்டு எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜெமிமா மடியில் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐயர் ஜெபித்தார்.

“ஆண்டவரே, தேசத்தின் பாதுகாப்பைக் குறித்துக் கற்க வடக்கே போக இருக்கிற எங்கள் மகள் ஜெமிமாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவளை மனப்பூர்வமாய் அனுப்புகிற தகப்பனாரையும் ஆசீர்வதியும்.”

மனப்பூர்வமாய் அனுப்புகிற தகப்பனாரா? அந்த வரி திட்டத்திலேயே இல்லை. அத்தை தன் கைச்சரக்கைச் சேர்த்துவிட்டாள் போல என்று நினைத்தாள். ஜெபம் முடிந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. பாக்கியசீலன் முதலில் சொல்லித்தான் நானூறு பேருக்கும் பழக்கம். ஒரு மூச்சு போயிற்று. இரண்டு மூச்சு போயிற்று. ஜெமிமா ஒரு கண்ணை மட்டும் திறந்து முதல் வரிசையைப் பார்த்தாள். அப்பாவின் பிடரி மட்டும் தெரிந்தது. பிறகு பையத்தான் வந்தது அந்த ஆமென். கூரை அதிரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

திட்டம் ஜெயித்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது ஜெமிமாவுக்குச் சந்தோஷமாக இல்லை. முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போகிற அப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அவள் போய்விட்டால் அதை எடுத்துவிட ஆள் இல்லை. பெற்ற தகப்பனைப் பொறி வைத்துப் பிடித்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அவர் கேட்டார்.

“இன்டர்வியூ என்னைக்கி?”

“புதன்கிழமை, பதினோரு மணிக்குப்பா.”

“ஆமென் சொல்லிட்டேன்லா. நல்லாப் படி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதன்கிழமை பத்தே முக்காலுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் வந்து இறங்கியது. ஒன்பது பேர், பாட்டுப் புத்தகங்களோடு, முன்னால் லில்லி. நேர்காணல் நல்லபடியாக நடக்கப் பாடி ஜெபிக்கப் போகிறார்களாம். பாக்கியசீலன் கேட் அருகே போய் நின்றுகொண்டார்.

“உள்ள பரீட்சை நடக்கு. ஜெபம் பண்ணுதவங்க மனசுக்குள்ள பண்ணுங்க. ஒரு சத்தம் வரப்பிடாது.”

ஒன்பது பெண்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு வாய் மூடி உட்கார்ந்தது அந்தத் தெருவின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அவர்களைக் காவல் காக்க வசதியாகப் பாக்கியசீலன் ஜன்னலோரமாக நின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் ஜெமிமாவின் மேஜை. அவர் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.

திரையில் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி; ஒருவர் நரைத்த குட்டை முடியோடு ஒரு பேராசிரியை; ஒருவர் எழுதிக்கொள்ள மட்டும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம். வெள்ளம், முகாம், காலண்டர் தாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. பேராசிரியை அடுத்துக் கேட்டார்.

“உங்களுக்குக் கட்டாயம் தேவையான ஒரு கூட்டாளி. அவர் உறுதி கொடுக்க மறுக்கிறார். அவர்மேல் உங்களுக்கு அதிகாரம் கிடையாது. என்ன செய்வீர்கள்?”

ஜெமிமா புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தாள். பாதியிலேயே பேராசிரியை கையைக் காட்டினார்.

“அந்தப் புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன். நீங்கள் எப்போதாவது செய்ததுண்டா?”

அதிகாரி பேனாவை மூடப் போனார்.  சீட்டு கையைவிட்டுப் போகிறது என்று ஜெமிமாவுக்குத் தெரிந்தது. சொல்ல அவளிடம் ஒரே ஒரு உதாரணம்தான் இருந்தது. சொல்லிவிட்டாள். பாக்கலாம் என்ற அப்பா, ஆமென் தவறாத வழக்கம், வாயைத் திறக்காத ஐயர், உப்புக் குறைந்த சாம்பார், அதனால் அண்ணனோடு பேசாத அத்தை, பொதுவில் வாங்கிய வாக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மூடப் போன பேனா திறந்தபடி நின்றது. எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது நான் செய்திருக்க வேண்டிய காரியம்தானா என்று இப்போதும் தெரியவில்லை,” என்று முடித்தாள். “ஆனால் அதில் பலன் கிடைத்தது.”

பின்னால் கதவு திறந்தது. பாக்கியசீலன் நின்றுகொண்டிருந்தார்.  அவர் திரையைப் பார்த்து, முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் பேசிய அதே ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

“மன்னிக்க வேண்டும். அந்தக் கூட்டாளி நான்தான். என் மகள் சொன்ன பதிலில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்தியவன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.”

“சொல்லுங்கள், சார்,” என்றார் அதிகாரி, நாற்காலியில் முன்னால் நகர்ந்து.

“வெள்ளிக்கிழமை சாயங்காலமே, என் மகள் வெளியே போயிருந்த நேரத்தில், என் தங்கை வந்துவிட்டாள். எட்டு மாதமாக என் வாசலை மிதிக்காதவள். உன் மகளுக்குப் படிக்க ஆசை, உன்னிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று அழுதாள். சனிக்கிழமை முழுக்க நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. மனப்பூர்வமாய் அனுப்புகிற தகப்பன் என்ற வரியை அன்று இரவு அவள் வீட்டுக்குப் போய் நான்தான் சொல்லி எழுத வைத்தேன். எழுத வைப்பது சுலபமாக இருந்தது. மறுநாள் அதற்கு ஆமென் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.”

ஜெமிமா அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்து திரை கலங்கித் தெரிந்தது.

“மிஸ் ஜெமிமா,” என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “எதிராளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. நம் துறையில் இதை என்ன சொல்வார்கள்?”

“உளவுத் தோல்வி, சார்,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். முடிவை மின்னஞ்சலில் சொல்கிறோம் என்று மூவரும் மறைந்தார்கள். திரை இருண்டதுதான் தாமதம், முற்றத்திலிருந்து லில்லியின் குரல் வந்தது.

“முடிஞ்சிட்டா? இனி சத்தமா ஜெபிக்கலாமா?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜெமிமா அதை அப்பாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தடவை வாசித்து, “கமாவெல்லாம் சரியாப் போட்டிருக்கான்” என்றார். அவர் சந்தோஷத்தை அவர் அப்படித்தான் சொல்வார்.

அதற்குமேல் ஜெமிமாவால் அடக்க முடியவில்லை. “எப்பா, நான் போயிட்டா நீங்க இங்கன தனியால்லா இருப்பிய?”

பாக்கியசீலன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட் கிறீச்சிட்டது. ஒரு கையில் தூக்குச்சட்டி நிறையச் சாம்பார், இன்னொரு கையில் உப்பு ஜாடியோடு லில்லி உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மந்திரமூர்த்தி, அவருக்குப் பின்னால் இசக்கியம்மா, அவளுக்கும் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. மின்னஞ்சல் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெமிமா ஒரு ஆளிடமும் சொல்லவில்லை.

பாக்கியசீலன் மகளைப் பார்த்தார்.

“ஏட்டி, இந்தத் தெருவுல யாரத் தனியா இருக்க விடுதாவ?”